சன்னதித் தெருவை வாட்டர்கலரில் வரைதல்: ஆழமும் அசைவும் வர எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

தெருக்கோடியில் கோபுரம் தெரிகிற காட்சியைப் புதிதாக வரைபவர்களின் தாளில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வரும். கோபுரம் வீடுகளுக்குப் பின்னால் தள்ளி நிற்காமல் அவற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தெருவில் ஆட்கள் நடக்காமல் நட்டுவைத்த மாதிரி இருப்பார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் வேலையின் வரிசைதான். டோனை (எது வெளிச்சம், எது அடர்த்தி என்பதை) முடிவு செய்யாமல் வண்ணத்தில் இறங்குவதும், கண்மட்டக் கோடு (நம் கண்ணின் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு) போடாமல் வீட்டைத் தொடங்குவதும், கோபுரத்தின் பொம்மைகளை முதல் அரை மணி நேரத்திலேயே வரையத் தொடங்குவதும் படத்தைத் தட்டையாக்கிவிடும்.

கீழே உள்ள அளவுகள் 11 × 15 அங்குலத் தாளை நிமிர்த்தி வைத்து வரைவதற்கானவை. கோபுரம் உயரமானது, தாளைப் படுக்கவைத்தால் கோபுரம் சிறுத்து, இரு பக்கமும் கடைப் பலகைகள் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

1. கையில் இருக்க வேண்டியவை

தாள் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), கோல்ட் பிரஸ் (லேசாகச் சொரசொரப்பானது). நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்க வேண்டும். 200 ஜிஎஸ்எம்மில் தண்ணீர் பட்டதும் தாள் மேடும் பள்ளமுமாகும்; பள்ளத்தில் தேங்கும் வண்ணம் திட்டுத்திட்டாகக் காயும். மென்மையாக இருக்க வேண்டிய கோபுரத்தில்தான் அது முதலில் தெரியும்.

பிரஷ் நான்கு போதும்: 1 அங்குல பிளாட், 12-ஆம் எண் ரவுண்ட், 6-ஆம் எண் ரவுண்ட், மின்கம்பிகளுக்கு ஒரு ரிக்கர் (நீண்ட மெல்லிய முடியுள்ள பிரஷ்). 2பி பென்சில், உருட்டிக் கசக்கும் அழிப்பான், ஸ்ப்ரே பாட்டில், பழைய பருத்தித் துணி, தண்ணீருக்கு இரண்டு குவளை.

வண்ணம் ஆறு: எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், கோபால்ட் ப்ளூ, அல்ட்ராமரின் ப்ளூ, சாப் கிரீன். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் போகும். நீலத்தைக் கூட்டியோ பழுப்பைக் கூட்டியோ அதைக் குளிர்ச்சியாகவும் வெதுவெதுப்பாகவும் மாற்றலாம். ட்யூபில் வரும் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்து, அருகையும் தூரத்தையும் ஒன்றாக்கிவிடும். கடைசித் தொடுகைகளுக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்).

2. நேரமும் நிற்கும் இடமும்

கிழக்கு பார்த்த கோயில் என்றால், சன்னதித் தெருவில் நின்று கோபுரத்தைப் பார்க்கும் நீங்கள் மேற்கு நோக்கி நிற்கிறீர்கள். காலை 7 மணிக்கு வெயில் உங்கள் முதுகில் இருக்கும். எல்லாப் பொருளிலும் ஒரே வெளிச்சம். நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பார்க்க அழகு, வரைய மோசம்.

மார்கழி, தை மாதங்களில் 9 மணிக்கு மேல் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் இடப்பக்க வீடுகளின் நிழல் தெருவின் குறுக்கே விழும். அந்தக் குறுக்கு நிழல்தான் பிறகு ஆழத்துக்கும் அசைவுக்கும் உதவப் போகிறது. மே, ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்; அதே தெருவில் நிழல் வலப்பக்கத்திலிருந்து வரும். மாலை நாலரைக்கு மேல் கோபுரம் வெயிலுக்கு எதிராக ஒரே உருவமாக நிற்கும். நுணுக்கங்களைக் கண் தானாகவே விட்டுவிடுவதால் தொடங்குபவர்களுக்கு இந்த நேரம்தான் நல்லது.

தெருவின் நட்டநடுவில் நிற்காதீர்கள். இரண்டு அடி வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்க வீட்டு வரிசை நெருங்கிச் சுருங்கும், இடப்பக்க வரிசை விரிந்து தெரியும். இந்தச் சமமின்மை இல்லாவிட்டால் படம் கல்யாணப் பத்திரிகை அட்டைபோல இரு பக்கமும் ஒன்றாகிவிடும்.

போட்டோவிலிருந்து வரைவதானால் ஒரு எச்சரிக்கை. மொபைல் கேமராவின் சாதாரண லென்ஸ் அகலமானது. தெருவை நீட்டிக் கோபுரத்தைக் குட்டையாக்கும். பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். மொபைலை அண்ணாந்து பிடித்தால் கம்பங்களும் வீடுகளும் உள்பக்கம் சாயும், நேராகப் பிடியுங்கள்.

3. சின்ன ஸ்கெட்ச், மூன்றே டோன்

பெரிய தாளைத் தொடுமுன் 2 அங்குல அகலம், 2¾ அங்குல உயரத்தில் மூன்று நான்கு சின்ன ஸ்கெட்ச் போடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, எல்லாவற்றையும் மூன்றே டோனில் அடக்க வேண்டும்: தாளின் வெள்ளை, நடுத்தரம், அடர்த்தி. கதவு, ஜன்னல், பெயர்ப்பலகை எதுவும் இதில் வேண்டாம்.

மூன்றும் சம அளவில் இருந்தால் கண் எங்கே போவதென்று தெரியாமல் அலையும். பாதிக்குச் சற்று அதிகம் நடுத்தரம், அடுத்தது வெளிச்சம், மிகக் குறைவாக அடர்த்தி என்பது இந்தக் காட்சிக்குப் பொருந்தும். அடர்த்தியின் பெரும்பகுதி ஒரே பக்கம் இருக்கட்டும். நிழலில் நிற்கும் இடப்பக்க வீடுகள் அதற்குச் சரியான இடம்.

இங்கேயே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும்: கண் எங்கே நிற்கும்? பலரும் கோபுரம் என்பார்கள். கோபுரத்தை முக்கிய இடமாக வைத்தால் அங்கே அதிக கான்ட்ராஸ்ட் கொடுக்க வேண்டியிருக்கும்; கொடுத்தால் அது முன்னால் வந்துவிடும். கோபுரத்தைப் பெரிய, மென்மையான வடிவமாக வைத்து, அதன் அடியில் நடுத்தூரத்தில் வெயில் விழும் ஒரு துண்டுத் தெருவை முக்கிய இடமாக்குங்கள். வெளிச்சமான தரையில் இரண்டு மூன்று அடர்த்தியான ஆட்கள் நின்றால் கண் அங்கே போய், கோபுரத்தின் மீது ஏறும்.

அந்தப் பாதையை ஸ்கெட்சின் மேல் அம்புக்குறியாகவே போட்டுவிடுங்கள்: கீழிருந்து உள்ளே, நிழல்களின் விளிம்பில் வலமும் இடமுமாக, ஆட்கள் வரை, பிறகு மேலே. தெரு ஓரக் கோடு சரியாகத் தாளின் மூலையில் போய் முட்டினால் கண் அந்த மூலை வழியே வெளியே போய்விடும். அரை அங்குலமாவது தள்ளி, பக்கவாட்டு விளிம்பிலோ அடிவிளிம்பிலோ முடியுங்கள்.

4. கண்மட்டக் கோடு

பெரிய தாளில் முதல் கோடு இதுதான். அடிவிளிம்பிலிருந்து 4½ அங்குலத்தில் மெல்லிய கிடைக்கோடு. தாளின் பாதியில் போட்டால் தெருவும் வானமும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு கோபுரம் குறுகிவிடும்.

நின்று வரைபவரின் கண் தரையிலிருந்து சுமார் 5 அடி. தரை சமமாக இருந்தால், அவர் உயரத்தையொத்த எல்லோருடைய கண்ணும் இந்தக் கோட்டின் மேல்தான் வரும், 10 அடி தள்ளி இருந்தாலும் 200 அடி தள்ளி இருந்தாலும். கால் மட்டும் மாறும். கோட்டுக்கு 3 அங்குலம் கீழே காலை வைத்தால் அருகில் இருப்பவர். அரை அங்குலம் கீழே வைத்தால் தூரத்தில் இருப்பவர். தூரத்து ஆளின் தலையைக் கோட்டுக்குக் கீழே இறக்கினால் அவர் பள்ளத்தில் நிற்பார். அருகில் இருப்பவரின் தலையைக் கோட்டுக்கு மேலே ஏற்றினால் வீட்டை விடப் பெரிய ஆளாவார். ஆழம் கெடுவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் இல்லை.

வீட்டின் அளவும் இதே கோட்டிலிருந்து வரும். சுவரின் அடி, கோட்டுக்கு 3 அங்குலம் கீழே இருந்தால் அந்த இடத்தில் 3 அங்குலம் என்பது 5 அடி. ஆகவே 7 அடிக் கதவுக்கு 4.2 அங்குலம், அதாவது கோட்டுக்கு மேலே 1.2 அங்குலம். இரண்டரை அடித் திண்ணை சரியாகக் கோட்டுக்கும் தரைக்கும் பாதியில். அதில் உட்கார்ந்திருப்பவரின் தலை ஏறக்குறைய கோட்டிலேயே வரும்.

ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தால் கோடு நிற்பவர்களின் மார்பளவில் போகும். எல்லோருக்கும் மார்பளவில்தான், ஒருவருக்கு மார்பிலும் இன்னொருவருக்குத் தலையிலும் வரக்கூடாது. பாதி வேலையில் எழுந்து நின்று வரையத் தொடங்குபவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

5. மறையும் புள்ளியும் கம்பங்களும்

தெரு நேரே கோபுரத்துக்குப் போவதால், வீட்டு வரிசைகளின் கூரை, திண்ணை, சாக்கடை விளிம்பு எல்லாம் சேரும் புள்ளி கண்மட்டக் கோட்டில், கோபுர வாசலுக்குள் விழும். நீங்கள் வலப்பக்கம் தள்ளி நின்றால் புள்ளியும் வாசலின் நடுவிலிருந்து வலப்பக்கம் நகரும். தாளில் இதை இடவிளிம்பிலிருந்து 6½ அங்குலத்தில் வையுங்கள். விரியும் இடப்பக்கத்துக்கு அதிக இடம் கிடைக்கும்.

கோட்டுக்கு மேலே இருக்கும் விளிம்புகள் புள்ளியை நோக்கி இறங்கும், கீழே இருப்பவை ஏறும், கோட்டை ஒட்டியவை ஏறக்குறைய கிடையாக இருக்கும். ஒவ்வொரு கூரைக்கும் ஸ்கேல் வைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று கோடு போதும், மற்றதைக் கையால் இழுக்கலாம். ஓட்டு வீடுகள் கொஞ்சம் தொய்ந்திருப்பதும் அந்தத் தெருவின் குணம்தான்.

மின்கம்பங்களின் இடைவெளியைக் கண்ணளவில் போட்டால் தவறும். வழி எளிது. முதல் இரண்டு கம்பங்களை வரைந்து, முதல் கம்பத்தின் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் மறையும் புள்ளிக்கு மெல்லிய கோடு இழுங்கள். முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து, இரண்டாம் கம்பத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு தரைக்கோட்டைத் தொடும்வரை நீட்டுங்கள். தொடும் இடம் மூன்றாம் கம்பத்தின் அடி. நான்காவதுக்கு இரண்டாவதிலிருந்து இதையே செய்யுங்கள். இடைவெளிகள் வேகமாகச் சுருங்குவதைப் பார்த்தால் கண்ணளவு எவ்வளவு ஏமாற்றுகிறது என்பது தெரியும்.

6. கோபுரத்தின் உருவம்

கோபுரம் உங்களை நேர்முகமாகப் பார்ப்பதால் அதன் நிலைகளின் கிடைக்கோடுகள் கிடையாகவே இருக்கும்; அவற்றை மறையும் புள்ளிக்கு இழுப்பது தவறு. வீட்டுக் கூரைகளின் சாய்வும் கோபுரத்தின் கிடைக்கோடுகளும் மோதும் இடத்தில்தான் தெரு முடிகிறது என்ற உணர்வு வரும்.

முதலில் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. நிலைகள் 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் இருக்கும், எண்ணிப் பாருங்கள். மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் அகலத்தில் மட்டுமல்ல, உயரத்திலும் குறையும். சம உயரத்தில் போட்டால் பெட்டிகளை அடுக்கிய மாதிரி நிற்கும். பல கோபுரங்களின் பக்கவிளிம்பு மெல்ல உள்வளைந்திருக்கும். ஸ்கேலால் இழுத்த முக்கோணம் அந்த எழுச்சியைக் கொன்றுவிடும். கலசத்துக்கு மேலே குறைந்தது 1½ அங்குல வானம் விடுங்கள்.

கோபுரத்தின் அடிப்பகுதியை ஒரு கூரையோ வேப்பமரமோ மறைக்கட்டும். ஒன்றை ஒன்று மறைப்பதுதான் தூரத்துக்கு மிக உறுதியான அடையாளம். கூரையின் நுனி கோபுர விளிம்பைச் சரியாகத் தொட்டு நின்றால் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. ஒன்று தாராளமாக மறைக்க வேண்டும், அல்லது தெளிவாக விலகி நிற்க வேண்டும்.

7. முதல் வாஷ்: தூரத்திலிருந்து

வாஷ் என்பது தண்ணீர் கலந்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது. வண்ணக் கலவையின் கெட்டித்தன்மையை டீ, பால், தயிர் என மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு டீ, நடுத்தூரத்துக்குப் பால், அருகில் இருப்பதற்கு மட்டும் தயிர்.

வானத்தையும் கோபுரத்தையும் ஈரத்தில் ஈரமாக, அதாவது ஈரமான தாளிலேயே ஈர வண்ணத்தை வைத்துத் தொடங்குங்கள். மேலே கோபால்ட் ப்ளூ, கீழே வர வர எல்லோ ஓக்கர், துளி லைட் ரெட். வானம் ஈரம் குறைந்து பளபளப்பு போகும் நேரத்தில் கோபுரத்தை ஓக்கரால் நிரப்புங்கள். ஓரம் ஆங்காங்கே வானத்தில் கரைந்தால் நல்லது. பளபளப்பு இருக்கும்போதே வைத்தால் வண்ணம் ஓடிவிடும். முழுதும் காய்ந்தபின் வைத்தால் கத்தரித்து ஒட்டிய மாதிரி விளிம்பு வரும்.

பஞ்சவர்ணக் கோபுரமாக இருந்தால் ஈரமான ஓக்கருக்குள் வெளுத்த நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும் துளித்துளியாக விட்டுக் கலக்க விடுங்கள். பொம்மைகளைத் தனித்தனியாக வரைய வேண்டாம். காய்ந்தபின் கோபால்ட்டும் லைட் ரெட்டும் கலந்த சாம்பலில் ஒவ்வொரு நிலையின் கீழும் உடைந்த நிழல் கீற்று. அவ்வளவுதான் கோபுரம்.

தூரம் என்றாலே நீலம் என்று பழகியவர்கள் கோடையில் தவறு செய்வார்கள். சித்திரைப் புழுதியில் தூரம் மஞ்சள் கலந்த சாம்பலாக இருக்கும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காற்று துலக்கமாகி, கோபுரம் மிகக் கூர்மையாகத் தெரியும்; அப்போது பார்ப்பதைப் பார்த்தபடி வரைந்தால் ஆழம் வராது. எந்தக் காலமானாலும் தூரத்தில் வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான வித்தியாசத்தைக் குறையுங்கள். வெள்ளை 1, கடும் அடர்த்தி 5 என்று வைத்தால் கோபுரம் 2-க்கும் 3-க்கும் இடையில், நடுத்தூர வீடுகள் 2 முதல் 4, முன்னால் இருப்பது மட்டும் 1 முதல் 5 வரை.

வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்தபின் போதாது. ஒரு படி கூட்டியே கலக்குங்கள். மே மாதத்தில் திறந்தவெளியில் ஈரம் உடனே போய்விடும். வாஷுக்கு முன் தாளில் ஸ்ப்ரே அடித்து, பலகையை நிழலில் வைக்க வேண்டும்.

8. வீடுகளும் குறுக்கு நிழலும்

வீடுகளைத் தனித்தனியாக வரையாமல் ஒரு பக்க வரிசை முழுவதையும் ஒரே வடிவமாக எண்ணி வாஷ் கொடுங்கள். நிறத்தை மட்டும் ஈரத்திலேயே மாற்றிக்கொண்டே போங்கள். கதவு, ஜன்னலின் அடர்த்தி அருகில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு மட்டும். நான்காவது வீட்டுக்கும் அதே ஜன்னலை அதே அடர்த்தியில் போட்டால் அது ஓடி முன்னால் வந்துவிடும்.

தெருவின் குறுக்கு நிழலை அல்ட்ராமரின், லைட் ரெட் கலவையில் பிளாட் பிரஷால் ஒரே இழுப்பில் போடுங்கள். இடச் சுவரில் தொடங்கி, திண்ணையில் மடிந்து, சாக்கடையில் இறங்கி, தெருவில் நீள வேண்டும். நிழல் மடிவதால்தான் தரை எங்கே, படி எங்கே என்று தெரிகிறது. நேர்ப்பட்டையாக ஓடினால் தெருவில் கம்பளம் விரித்ததாகத் தெரியும்.

நிழல்களுக்கு இடையே வெயில் பட்டைகள் விடுங்கள். அருகில் அகலமாக, தூரம் போகப் போக மெலிந்து நெருங்க வேண்டும். முன்னால் முக்கால் அங்குலப் பட்டை என்றால் கோபுர வாசலருகே பென்சில் கோட்டளவு. கண் இந்தப் பட்டைகளில் கால்வைத்து உள்ளே போகும்.

9. அசைவு: ஆட்கள், வண்டி, கம்பிகள்

தெருவின் எல்லாக் கோடுகளும் கண்ணை ஒரே புள்ளிக்கு இழுக்கின்றன. தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் கண் வாசலுக்குள் போய் நின்றுவிடும். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, டச்சு ஓவியர் ஹோபெமாவின் 1689-ஆம் ஆண்டு ஓவியத்தில் இரு பக்க மரங்களும் ஒரு மண்சாலையை உள்ளே இழுக்கின்றன. அந்தச் சாலையிலேயே ஒருவர் நாயுடன் நம்மை நோக்கி வருகிறார். உள்ளே போகும் இழுப்பும் வெளியே வரும் நடையும் எதிரெதிராக இருப்பதால் அந்த வெறும் சாலை உயிரோடு இருக்கிறது. உங்கள் தெருவிலும் இருவர் கோபுரத்தை நோக்கிப் போகட்டும், ஒருவர் எதிரே வரட்டும், ஒருவர் குறுக்கே கடக்கட்டும்.

ஆள் வரைய 6-ஆம் எண் பிரஷில் நான்கு தொடுகை போதும்: சின்னத் தலை, மேலே அகன்று கீழே குறுகும் உடல், ஒரு நீளக் கால், ஒரு குட்டைக் கால். தூக்கிய கால் குட்டையாகத் தெரிவதால்தான் நடை வருகிறது. இரண்டு காலும் ஒரே மட்டத்தில் முடிந்தால் ஆள் நின்றுவிடுவார். தலையை ஊன்றிய பாதத்துக்கு நேர்மேலே வைக்காமல், போகும் திசையில் இம்மி முன்னால் வையுங்கள். தோளின் வெயில் பக்கம் ஒரு கீற்று வெள்ளைத் தாள் மிஞ்ச வேண்டும்.

தலை பெரிதாவது வழக்கமான பிழை. 2 அங்குல ஆளுக்குத் தலை கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.

ஆட்களைச் சம இடைவெளியில் நிறுத்தாதீர்கள். இருவர் ஒருவரை ஒருவர் பாதி மறைத்தபடி, கொஞ்சம் தள்ளி ஒருவர், வெகுதூரத்தில் ஒரு கொத்து. உடல் ஈரமாக இருக்கும்போதே பாதத்திலிருந்து நிழலை இழுத்துவிட்டால் காலும் நிழலும் கலந்து ஆள் தரையில் ஒட்டும். பிறகு தனியாகச் சேர்த்த நிழல் ஒட்டாது.

ஆட்டோ, சைக்கிளுக்கு முன்பக்க விளிம்பு கூர்மை, பின்பக்க விளிம்பு ஈரப் பிரஷால் கரைத்தது. சக்கரத்தை முழு வட்டமாக மூடாமல் அடியில் தரையோடு கலக்க விடுங்கள். குறுக்கே போகும் வண்டிக்கு முன்னால் இருக்கும் இடம் பின்னால் இருப்பதைவிட இரு மடங்காவது வேண்டும். மூக்கு தாள் விளிம்பை முட்டினால் வண்டி நின்றுவிடும், கண்ணும் வெளியேறிவிடும்.

மின்கம்பிகளை ரிக்கரால், தோளிலிருந்து கையை வீசி, காய்ந்த பிரஷில் விட்டுவிட்டு இழுங்கள். முன்னால் கொஞ்சம் அழுத்தம், தூரத்தில் அறுந்தே போகலாம். ஒரே கனத்தில் கோபுரத்தின் குறுக்கே போகும் ஒரு கம்பி, அதுவரை செய்த தூரம் அத்தனையையும் அழித்துவிடும்.

10. சோதனையும் சரிசெய்தலும்

தாளை மொபைலில் கறுப்பு-வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். கோபுரமும் முன்வீடும் ஒரே சாம்பலில் தெரிந்தால் டோன் தவறு. நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பிறகு கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்த கம்பமும் ஒரு பக்கம் இறங்கிய கோபுரமும் உடனே மாட்டிக்கொள்ளும்.

கோபுரம் முன்னால் வந்திருந்தால் முதலில் அதைத் தொடாதீர்கள். முன்னால் இருக்கும் இடப்பக்க வாசலில் அடர்த்தியைக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். போதாவிட்டால், தாள் முழுக்கக் காய்ந்தபின் மிக நீர்த்த கோபால்ட்டைப் பிளாட் பிரஷால் கோபுரத்தின் மேல் ஒரே முறை இழுங்கள். திரும்பத் தேய்த்தால் அடி வண்ணம் கிளம்பிச் சேறாகும்.

விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் சுத்தமான ஈரப் பிரஷால் இரண்டு இடத்தில் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுக்கலாம். ஓக்கரும் கோபால்ட்டும் ஓரளவு எழும்பும். தேலோ நீலம், தேலோ பச்சை போன்றவை தாளில் கறையாகப் பிடிக்கும், எழும்பாது. மேலே தந்த ஆறில் அவற்றைச் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆள் நடக்காமல் நின்றால் வெள்ளை குவாஷில் துளி ஓக்கர் கலந்து ஒரு காலின் நுனியை மூடி, அந்தக் காலைக் கொஞ்சம் குட்டையாக்குங்கள். காய்ந்ததும் அதன் நிழலையும் அங்கே துண்டித்துவிடுங்கள்.